வரிசை வீட்டை வரிசையாகத்தான் பழுது பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று கரையோரமாக வந்து, தெற்கே ஏர்வாடி, வாலிநோக்கம் வரை போனால் ஒரே முகச்சாயல் கொண்ட வீட்டு வரிசைகள் கண்ணில் படும். தட்டையான கான்கிரீட் மட்டம் (கூரைச் சிலாப்), ஜன்னலுக்கு மேலே நீளமாக ஓடும் சன்ஷேடு, வேலைப்பாடு இல்லாத வெறும் சுவர், இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே நடுச்சுவர். ஊருக்கு ஊர் இதைத் தொகுப்பு வீடு, காலனி வீடு, லைன் வீடு, குவார்ட்டர்ஸ் என்று சொல்வார்கள். மட்டத்திலிருந்து காரை பெயர்ந்து விழ, துருப்பிடித்த கம்பி தெரிய, "இதெல்லாம் இடித்துவிட்டுத் தனித்தனியாகக் கட்ட வேண்டியதுதான்" என்ற பேச்சு வாசகர் கடிதங்களிலும் கிராமசபைகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. கட்டடத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் இதற்கு ஒரு மறுப்பு.

இடித்தே ஆக வேண்டிய வீடுகளும் உண்டு. ஆனால் பல வரிசைகளில் நோய் வீட்டின் வடிவத்தில் இல்லை, கம்பியில் இருக்கிறது. அந்த நோயைப் பெருக்குவது, பத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கொத்தனாரை வைத்து, ஆளுக்கொரு வருஷத்தில், தன் தலைக்கு மேல் உள்ள மட்டத்தை மட்டும் பூசிக்கொள்வது.

முதலில் வடிவத்தைப் பற்றி. பெட்டி பெட்டியாக இருக்கிறது என்று பழிக்கிறோமே, அந்தப் பெட்டி யோசித்துச் செய்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் தொழிலாளர்களுக்கு வீடு கிடைக்காமல் போனபோது, அலங்காரத்தைக் கழற்றிவிட்டு, ஒரே அளவான வீடுகளைப் பொதுச்சுவரோடு சிக்கனமாகக் கட்டலாம் என்று கிளம்பியவர்கள் நவீனக் கட்டடக்கலைக்காரர்கள். 1927-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் எழுந்த வைசன்ஹோஃப் குடியிருப்பில் அப்படிப்பட்ட வரிசை வீடுகள் இருந்தன. 1950-களில் சண்டிகரில் மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ, பியர் ஜான்னரே ஆகியோர் கடைநிலை அரசு ஊழியருக்கும் செங்கல்லில் வரிசை வீடு வரைந்தார்கள். வெயில் மறைப்பும் செங்கல் ஜாலியும் (காற்று நுழையும் துளைச்சுவர்) அதில் முக்கிய உறுப்பு. நம் கரையோரத் தொகுப்பு வீடு அந்தக் குடும்பத்து ஏழைப் பேத்தி என்பது என் கணிப்பு.

கணக்குப் போட்டால் இந்த வடிவத்தின் நியாயம் புரியும். வீடு ஒன்று 4.5 மீட்டர் அகலம், 6.5 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். பத்து வீட்டைத் தனித்தனியாகக் கட்டினால் 220 மீட்டர் நீளச் சுவர் எழுப்ப வேண்டும்; அத்தனையும் வெளிச்சுவர். அதே பத்தை ஒட்டிக் கட்டினால் மொத்தச் சுவர் 161.5 மீட்டர், அதில் வெளியே முகம் காட்டுவது 103 மீட்டர்தான். வெயிலும் உப்புக்காற்றும் படும் சுவர் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வாடை வீசும் மாதங்களில் வடகடல் பக்கமும், கச்சானும் சோழகமும் வீசும் மாதங்களில் தென்கடல் பக்கமும் தூவானமாக உப்பு வாங்கும் ஊரில் இது சின்ன லாபம் இல்லை. இடித்துத் தனி வீடாகக் கட்டுகிறவர் அந்த லாபத்தை விட்டுவிட்டு, நாலு பக்கமும் உப்புக்குக் கொடுக்கிறார்.

இனி கம்பி. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கிறது. உப்பில் உள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளை வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் ஊசி குத்தியதுபோல் உடைகிறது. துரு, தின்னப்பட்ட இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாததால் கீழ்க்காரையைத் தள்ளுகிறது. மட்டத்தின் அடியில் கம்பி ஓடும் கோட்டிலேயே வெடிப்பு வருவது இதனால்தான். சித்தாள் வேலை சரியில்லை, சிமென்ட் தரமில்லை என்று பழி சொல்வதில் பாதிதான் உண்மை.

மீதிப் பாதி உண்மை கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன். கட்டுமான விதி ஐ.எஸ். 456-இன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலுக்குத் திறந்திருக்கும் கான்கிரீட்டைக் 'கடுமை' வகையில் சேர்க்கிறது: கம்பிக்கு 45 மி.மீ. கவர், எம் 30 வலிமைத் தரக் கான்கிரீட், ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், தண்ணீர் சிமென்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகக்கூடாது. கடல்நீர் நேரடியாகத் தெறிக்கும் இடமானால் 50 மி.மீ. கவரும் எம் 35-உம். பழைய தொகுப்பு வீட்டு மட்டங்களைக் கொத்திப் பார்த்தால் கவர் 12, 15 மி.மீ. இருந்தாலே அதிர்ஷ்டம், கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக்கல்லை முட்டுக் கொடுத்திருப்பார்கள், சில இடத்தில் கம்பி சென்ட்ரிங் பலகையிலேயே படுத்திருக்கும்.

இங்கே புதிதாகக் கட்டுபவருக்கும் ஒரு பொறி இருக்கிறது. 100 மி.மீ. சிலாப் வரைபடத்தை அப்படியே வைத்துக்கொண்டு கவரை மட்டும் 15 மி.மீ.-இலிருந்து 45-ஆக உயர்த்தினால், 8 மி.மீ. கம்பியின் நடுவிலிருந்து மேற்பரப்பு வரை உள்ள ஆழம் 81 மி.மீ.-இலிருந்து 51-ஆக விழுந்துவிடும். சிலாப்பின் பலமே அந்த ஆழம்தான். கவர் 30 மி.மீ. கூடினால் சிலாப்பும் 130 ஆக வேண்டும். அதைச் செய்யாமல் "கவர் நிறைய விட்டிருக்கிறோம்" என்று காட்டும் மட்டம், துருப்பிடிக்கும் முன்னே தொய்யும். இடித்துக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இதை யோசிப்பதில்லை. உப்புத்தண்ணீரில் குழைத்த புதுச் சிலாப்பைவிட, ஒழுங்காகப் பழுது பார்த்த பழைய சிலாப் நாள்படும்.

துருவின் ஆட்டம் எவ்வளவு பெரியது என்பதற்கு வெளியே தேட வேண்டாம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகங்களைக் கடல்காற்றில் காயவைத்துத் துருவை அளக்க மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் தனுஷ்கோடியைப் பாருங்கள். 1964 புயலில் கூரை இழந்த தேவாலயத்துப் பவளக்கல் சுவர் அறுபது ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. அதில் துருப்பிடிக்கக் கம்பி இல்லை. (இன்றைக்குப் பவளக்கல் எடுப்பது குற்றம்; சொல்ல வந்தது கம்பியைப் பற்றி.)

ஒட்டுப்போடும் வேலை ஏன் நோயைப் பரப்புகிறது என்பதுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான இடம். விசைப்படகுக்காரர்களுக்கு இது உடனே புரியும். புரொப்பலர் பக்கத்தில் துத்தநாகக் கட்டி வைப்பார்கள். அது தான் தேய்ந்து மற்ற உலோகத்தைக் காக்கும். மட்டத்தில் துருப்பிடித்த இடமும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது: தான் கரைந்து, தன்னோடு கட்டுண்ட பக்கத்துக் கம்பியைக் காக்கிறது. அந்த இடத்தை மட்டும் கொத்தி, புதுக் கலவை அடைத்துவிட்டால், அங்கே கம்பி திடீரென்று பாதுகாப்பாகிவிடும்; இனி அது கரைந்து பக்கத்துக் கம்பியைக் காக்காது. அதைச் சுற்றி, உப்பு ஏறியும் இதுவரை தப்பியிருந்த பழைய பகுதி அடுத்த பலியாகும். பூச்சு வேலை செய்த இரண்டு மூன்று வருஷத்தில் ஒட்டைச் சுற்றி வளையமாக வெடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கொத்தனாரைத் திட்டியிருக்கிறோம்.

வரிசை வீட்டில் இது வீட்டு எல்லையோடு நிற்காது. சிலாப் தொடர்ச்சியாகப் போட்ட வரிசைகளில் கம்பி நடுச்சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் ஓடுகிறது. மூன்றாம் எண் வீட்டுக்காரர் நல்ல மனசோடு செலவழித்துப் பழுது பார்த்தால், துரு நான்காம் எண் வீட்டின் ஓரத்துக்கு இடம் மாறலாம்.

ஆகவே வேலையை வரிசைக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். முதலில் சோதனை. அரைக் கிலோச் சுத்தியலால் மட்டத்தின் அடியை ஒரு அடிக்கு ஒரு தட்டு வீதம் தட்டிக்கொண்டே போய், 'டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் வளையம் போட வேண்டும். பத்து வீட்டுக்கு இரண்டு பேர் ஒரு நாளில் முடிக்கும் வேலை. பிறகு சத்தம் நன்றாக இருக்கும் இடத்திலும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் நாளைய துரு அங்கேதான். தாமிர சல்பேட் கரைசல் கொண்ட அரை மின்கலத்தை (கம்பியின் மின்னழுத்தத்தை அளக்க உதவும் கருவி) வைத்து அளக்கும்போது எதிர் (மைனஸ்) 350 மில்லிவோல்ட்டுக்கும் அப்பால் போனால், அங்கே துரு ஓடிக்கொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு. எதிர் 200-க்குள் நின்றால் கவலை குறைவு. பினாப்தலீன் தெளித்துப் பார்ப்பது பலருக்குத் தெரியும்: இளஞ்சிவப்பு வந்தால் காரம் இருக்கிறது, வராவிட்டால் போய்விட்டது. ஆனால் அந்தச் சோதனை உப்பைக் காட்டாது. நல்ல சிவப்பு வந்த இடத்திலும் குளோரைடு கம்பியைத் தின்றுகொண்டிருக்கலாம். நம் கரையில் பினாப்தலீனை மட்டும் நம்பிச் சான்று கொடுப்பது ஏமாற்று. துளைபோட்டு 20, 40 மி.மீ. ஆழங்களில் தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிக் குளோரைடு அளவு வாங்க வேண்டும்.

எந்த வீட்டை இடிப்பது, எதைக் காப்பாற்றுவது என்பதற்குக் கம்பியின் தடிமன் பேசும். 8 மி.மீ. கம்பி தேய்ந்து 7 ஆனால் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். வெட்டுப்பரப்பில் 23 விழுக்காடு போய்விட்டது. 6 ஆனால் 44 விழுக்காடு போயிற்று. கால்பங்குக்குள் இழப்பு இருக்கும் கம்பியைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்தாக வேண்டும்; 8 மி.மீ. கம்பிக்கு நல்ல பகுதியில் இரண்டு பக்கமும் 400 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அறையின் முக்கியக் கம்பிகளில் பாதிக்கு மேல் இப்படிச் சேர்க்க வேண்டி வந்தால், அந்த அறையின் சிலாப்பை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் லாபம். அப்போதும் சுவரை, அஸ்திவாரத்தை, வரிசையை இடிக்க வேண்டியதில்லை.

கொத்தும் முன் முட்டு. ஒரு மீட்டருக்கு ஒன்று வீதம், கொத்தும் அறையில் மட்டுமல்ல, நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்து அறையிலும் கொடுக்க வேண்டும். சிலாப் தொடர்ச்சியானது என்றால் பளுவும் தொடர்ச்சியானதுதான். ஒரு அறையில் ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திறக்கக்கூடாது. கம்பி தெரிந்தவுடன் நிறுத்திவிடுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, 20 முதல் 25 மி.மீ. வரை கொத்தினால்தான் உப்பு ஊறிய காரை போகும். நீளவாக்கில், துரு இல்லாத கம்பி 50 மி.மீ. தெரியும்வரை போக வேண்டும். ஓரத்தை இறகுபோல் மெலிய விடாமல் வெட்டும் சக்கரத்தால் 10 மி.மீ. நேராக அறுத்து நிறுத்த வேண்டும். மெலிந்த ஓரம்தான் முதலில் பெயரும்.

கம்பிப் பிரஷ் துருவை மெருகேற்றும், குழிக்குள் இருக்கும் உப்பை எடுக்காது. மணல் வீசிச் சுத்தம் செய்ய வசதி இல்லையென்றால், பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரால் அழுத்திக் கழுவி, உலர்த்தி, மறுபடி பிரஷ் போட வேண்டும். சுத்தம் செய்த கம்பியை ஒரு இரவு விட்டுப் பாருங்கள். காலையில் பழுப்பு நிறம் திரும்பியிருந்தால் உப்பு உள்ளே இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். கம்பி துரு நீங்கி வெள்ளையாகத் தெரிந்ததும் அன்றைக்கே துத்தநாகப் பூச்சோ, துரு தடுப்பான் கலந்த சிமென்ட் பாலோ இரண்டு கை அடித்துவிட வேண்டும். கச்சான் அடிக்கும் மாதத்தில் அதைக்கூடக் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பது நல்லது. ஒட்டின் சுற்று ஓரத்தில் 500 முதல் 700 மி.மீ.-க்கு ஒன்று வீதம் சிறிய துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு கட்டினால், மேலே சொன்ன வளைய நோய்க்கு மருந்து. படகில் செய்வதைத்தான் வீட்டிலும் செய்கிறோம்.

அடைக்கும் கலவை சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று, சிமென்டின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (கலவையில் சேர்க்கும் செயற்கை ரப்பர் பால்). ஒரு கைக்கு 10 முதல் 15 மி.மீ.; தலைக்கு மேலே அதற்கு மேல் வைத்தால் தொங்கி, பின்னால் பொள்ளல் விழும். லேடெக்ஸ் கலவைக்கு முதல் இரண்டு நாள் ஈரச்சாக்கு, பிறகு நிழலில் உலர விட வேண்டும். சாதாரணப் பூச்சுக்குச் செய்வதுபோல் வாரக்கணக்கில் நனைத்துக்கொண்டிருந்தால் லேடெக்ஸ் படலம் கட்டாது. பெரிய பரப்பானால் கையால் அப்புவதை விட்டு, அடியில் பலகை கட்டி, மேலிருந்து துளைபோட்டு மைக்ரோ கான்கிரீட் (தானாக ஓடி நிரம்பும் பொடி ஜல்லிக் கலவை) ஊற்றுவது மேல். பொருள் எவ்வளவு? பத்து வீட்டு மட்டம் சுமார் 292 சதுர மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கை 50 மி.மீ. ஆழம் கொத்தினால் 2.9 கன மீட்டர் கலவை. கன மீட்டருக்கு 500 கிலோ சிமென்ட் என்று வைத்தால் ஏறக்குறைய 29 மூட்டை, லேடெக்ஸ் 145 முதல் 220 லிட்டர். ஒரு வரிசைக்கு இவ்வளவுதான். பத்துப் பேர் தனித்தனியாக வாங்கினால் பாதி டப்பா காய்ந்து வீணாகும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பி உள்ள கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது. கடல்நீரில் இருப்பது 19,000 அளவு. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் இந்த வரம்பைத் தாண்டும். கியூரிங்குக்குத்தானே என்று அதை ஊற்றுவதும் உப்பை ஊட்டுவதுதான். அந்த 292 சதுர மீட்டர் மட்டத்தில் 10 மி.மீ. மழை பெய்தால் 2,900 லிட்டர் வருகிறது. தொட்டி கட்டிப் பிடித்து வைத்தால் பழுது வேலைக்கு நல்ல தண்ணீர் அதுவே.

மேல்புறம் சரியாகாமல் அடிப்புறம் சரியாகாது. ஒழுகினால் மேலே இன்னொரு கான்கிரீட் கை போடுவது வழக்கமாகிவிட்டது. 50 மி.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்கு 120 கிலோ. 300 சதுர அடி வீட்டின் தலையில் மூன்றேகால் டன்னுக்கு மேல் ஏற்றுகிறோம், ஏற்கெனவே கம்பி தேய்ந்த சிலாப்பின்மேல். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும். நம் பக்கத்துச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளத்துக்கு ஈடு இல்லை: இரண்டரைப் பங்கு செங்கல் ஜல்லிக்கு ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்பு, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, கட்டை துள்ளும்வரை நாள் கணக்கில் அடித்து, மேலே தட்டை ஓடு பதிப்பது. வேலையாள் கிடைக்கவில்லை என்றால் நீர்தடுப்புப் பூச்சும் வெள்ளை ஓடும் போதும். எதைப் போட்டாலும் வாட்டம் 80-க்கு 1. 4 மீட்டர் ஓட்டத்துக்கு 50 மி.மீ. இறக்கம். கைப்பிடிச் சுவரும் மட்டமும் சேரும் மூலையில் முக்கோணக் காரை வைக்க வேண்டும். மணிக்கு 100 மி.மீ. கொட்டும் மழைக்கு, 100 மி.மீ. குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டர் மட்டத்தைத் தாங்கும்.

இங்கேயும் வரிசைப் பிரச்சினைதான். ஒருவர் தன் வீட்டுக்கு மட்டும் தளத்தை உயர்த்தினால் தண்ணீர் அடுத்த வீட்டு மட்டத்தில் தேங்கும். அவர் நடுச்சுவர்மேல் இரண்டு வரி செங்கல் கட்டித் தடுப்பார். அந்தச் செங்கல் அடியில் ஒழுகி இருவருக்கும் ஓதம். மட்டத்தின் வாட்டத்தை வரிசை முழுக்க ஒரே ரசமட்டத்தில் எடுத்து, முடிந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்துத்தான் கூலி தீர்க்க வேண்டும். 500 லிட்டர் தொட்டி என்பது அரை டன். அதைச் சிலாப்பின் நடுவில் வைக்காமல் நடுச்சுவர் தலைக்கு நகர்த்துவது காசு செலவில்லாத பழுது.

சன்ஷேடுக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம். அதன் மேலே தண்ணீர் தேங்குவதால் அங்கேதான் துரு. அடிப்பக்கம் மட்டும் பூசி அழகு பார்ப்பதால் பயனில்லை. மேல்கம்பி போயிருந்தால் அறுத்து எடுத்துவிட்டு வேறு மறைப்பு வைக்க வேண்டும். 40 மி.மீ. சிமென்ட் ஜாலியில் உள்ள கம்பியும் இப்படியே வெடிக்கும். அதற்குப் பதில் கம்பியே இல்லாத சுட்டமண் ஜாலி. ஜன்னல் கிராதியின் கால் சுவருக்குள் துருப்பிடித்து ஊதிச் சுவரைப் பிளக்கும். எவர்சில்வர் போடுகிறவர்கள் 304 அல்ல, 316 வகை என்று கேட்டு வாங்க வேண்டும், அதில்தான் மாலிப்டினம் இருக்கிறது.

மாற்றிக் கட்டுவதைப் பற்றி. வீட்டுக்காரர்கள் வீட்டை மாற்றுவது நம் ஊர்க் குற்றம் மட்டுமல்ல. பிரான்சில் போர்தோவுக்குப் பக்கத்தில் பெசாக் என்ற இடத்தில், 1920-களின் நடுவில் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே ஐம்பது வீடுகள் அளவில் ஒரு தொழிலாளர் குடியிருப்பு கட்டினார். குடிவந்தவர்கள் திறந்த மாடியை அடைத்தார்கள், நீள ஜன்னலைக் குறுக்கினார்கள், தட்டை மட்டத்தின்மேல் சாய்கூரை போட்டார்கள். பிற்காலத்தில் வீடு வீடாக மீட்கப்பட்டு, 2016-இல் சண்டிகரின் கேப்பிடல் வளாகத்தோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 1980-களில் நவி மும்பை பேலாப்பூரில் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா வேறு வழி எடுத்தார்: எந்த வீட்டுச் சுவரையும் அடுத்த வீடு பகிராதபடி வரைந்தார், அவரவர் வசதிப்படி வளர்த்துக்கொள்ளட்டும் என்று. நம்முடையது பகிர்ந்த சுவர். அவர் வீட்டில் செய்யக்கூடியதை இங்கே செய்யக்கூடாது.

தொடர் சிலாப்பை நடுச்சுவரில் அறுத்துத் தன் பாதியை மட்டும் இடித்தால், பக்கத்து வீட்டுச் சிலாப்பின் நடுப்பகுதியை வளைக்கும் விசை ஒன்றரை மடங்கு வரை, சில நேரம் அதற்கு மேலும் கூடும். அங்கே அடிக்கம்பி அதற்காகப் போடப்பட்டதல்ல. ஒருவர் மட்டும் மாடி எடுத்தால் நடுச்சுவர் ஒரு பக்கமாக அமுங்கி, பக்கத்து வீட்டு மூலையில் படிக்கட்டுபோல் வெடிப்பு ஏறும். 45 மீட்டருக்கு மேற்பட்ட வரிசையில் விரிவு இடைவெளி விட்டிருப்பார்கள். பல்லி வருகிறது என்று அதில் சிமென்ட் அடைத்தவர்கள் சித்திரை வெயிலில் பக்கத்துச் சுவர் பிளப்பதைப் பார்க்கலாம். தார் ஊறிய நார்ப்பலகையோ ரப்பர் போன்ற அடைப்போதான் அங்கே வைக்க வேண்டும்.

பின்பக்கத்து முற்றத்தை அடைத்து அடுப்படியும் கழிப்பறையும் சேர்ப்பது எல்லா வரிசையிலும் நடந்திருக்கிறது. தேவை நியாயமானது, இடம்தான் தவறு. வரிசை வீட்டுக்குக் காற்று முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் போக வேண்டும், பக்கவாட்டில் வழி இல்லை. பின்னால் அடைபட்டதும் சமையல் ஆவி உள்ளே தங்கி, மட்டத்தின் அடியில் வியர்த்து, ஏற்கெனவே உப்பு ஏறிய கான்கிரீட்டை நனைக்கிறது. பின்முற்றத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வானம் தெரிய விட்டு, மீதியில் கட்டுவதை வரிசைக்கு ஒரே கோட்டில் செய்தால் இரண்டும் நடக்கும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தின் கட்டுமானத் தடைப் பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே அனுமதி பெற்ற பழைய வீட்டைப் பழைய அடிப்பரப்புக்குள் பழுது பார்க்கவும் திரும்பக் கட்டவும் இடமுண்டு; பெருக்கிக் கட்ட இடமில்லை. "இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம்" என்று ஆசை காட்டுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

யார் செய்வது? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பத்து வீட்டு வரிசைக்கு அது தாராளம். மட்டம், வெளிச்சுவர், சன்ஷேடு, மழைநீர்க் குழாய், முன்வாய்க்கால் சங்கத்தின் பொறுப்பு. உள்ளே தரை, மின்சாரம், பூச்சு அவரவர் பொறுப்பு என்று துணைவிதியில் எழுதிக்கொள்ள வேண்டும். இது நானாகக் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் லஃபாயெட் பார்க் என்ற குடியிருப்பில் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே 1950-களின் இறுதியில் கட்டிய 186 வரிசை வீடுகள், அந்நகரம் ஆளற்றுச் சரிந்த காலத்திலும் பொலிவு இழக்கவில்லை. அவை கூட்டுறவு உடைமை. வெளிப்புறம் பொதுப் பராமரிப்பு. கண்ணாடியும் எஃகும் கொண்ட அந்த வீடுகளுக்கும் நம் தொகுப்பு வீட்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒப்பிட வந்தது அந்தப் பராமரிப்பு ஏற்பாட்டை மட்டும்.

அரசின் வீடு சீரமைப்பு உதவிகள் பயனாளி வாரியாக வருகின்றன. ஒரே வரிசையில் மூன்று பேருக்குக் கிடைத்து ஏழு பேருக்குக் கிடைக்காமல் போனால், மேலே சொன்ன துரு இடம்பெயரும் கதைதான். மாவட்ட நிர்வாகம் கரையோர வரிசைகளுக்கு மட்டுமாவது வரிசையை ஒரு அலகாக எடுத்து மதிப்பீடு போட வேண்டும். அதோடு, தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே 50, 75 மி.மீ. போடுவதை நிறுத்த வேண்டும். 450 மி.மீ. உயரத்தில் கட்டிய தரை, ஆறேழு முறை சாலை போட்டதில் தெருவுக்குச் சமமாகிவிட்ட வரிசைகள் இருக்கின்றன. அங்கே மட்டத்தை எவ்வளவு சீர்செய்தாலும் ஓதம் கீழிருந்து ஏறும். சிமென்ட் பூச்சு அதை மறைத்து இன்னும் மேலே ஏற்றும். அத்தகைய சுவரின் கீழ் ஒரு மீட்டருக்குச் சுண்ணாம்புக் காரை பூசி, உப்பு பூத்து உதிரும்போது மறுபடி பூசிக்கொள்வதுதான் வழி.

காலத்தைக் குறித்துக்கொள்ளலாம். தையில் தட்டிப் பார்த்து வளையம் போடுவது, மாசியில் தூள் எடுத்து அனுப்புவது, பங்குனி சித்திரையில் முட்டுக் கொடுத்துக் கொத்துவது, வைகாசிக்குள் அடைத்து முடிப்பது. மேல்தளச் சுண்ணாம்பு வேலை ஆடிக்குள் முடிந்தால், ஐப்பசி மழை தொடங்குமுன் அது இறுக இரண்டு மாதம் கிடைக்கும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
மண்டபம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்